தொட்டி வாய்க்கு ரெண்டு விரல் கீழே

சாமை மில்லுல வேல செய்றவங்கள ரெண்டு விஷயத்த வெச்சி கண்டுபிடிச்சிடலாம்: தலையில உமி, தொண்டையில தூசி. எனக்கு இது ரெண்டும் போதாதுன்னு மூணாவதா ஒண்ணு வந்துச்சி, வலது மாருல ஒரு கட்டி. ஆபரேஷன், கீமோ ஊசி, கரண்ட்டு வைக்கிறதுன்னு நாங்க சொல்ற ரேடியேஷன், எல்லாத்தையும் பாத்துட்டு வந்து உக்காந்திருக்கேன். நீங்களும் அந்த வழியா போய்ட்டு வந்தவங்கன்னா, நான் சொல்றதப் படிச்சிட்டு "ஆமாடியம்மா, எனக்கும் இதேதான்"னு தலைய ஆட்டுவீங்க. போகாதவங்க சும்மா சிரிச்சிக்கினு படிங்க, நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்.

ராசியான பக்கம்

எங்க மில்லு ஜவ்வாது மலைமேல இருக்குது. ஊரு மகளிர் குழு நடத்துறது. சாமை கொண்டாந்தா உமி நீக்கி அரிசியா குடுப்போம். ஆளுங்க ரெண்டே பேரு, நானும் குப்பும். மோட்டரு, பெல்ட்டு, சல்லடை எல்லாம் குப்பு பொறுப்பு. தொட்டியில சாமை கொட்டுறது நான். அந்தத் தகரத் தொட்டியோட வாய் என் தலைக்கு மேல ஒன்றரை சாண் ஒசரத்துல இருக்குது. கூடைய ரெண்டு கையாலயும் தூக்கி, எக்கி, கவுக்கணும். ஸ்டூலு போட்டுக்கலாமேன்னு கேப்பீங்க. போட்டிருந்தோம். தரையெல்லாம் தவிடு, வழுக்கும். குப்பு ஒரு நாளு ஸ்டூலோட விழுந்து முட்டி பேந்துக்கினா, அன்னையோட அந்த ஸ்டூலு அவ வூட்டு ஆட்டுக்குட்டிய கட்டறதுக்குப் போயிடுச்சி.

"அலமேலு கொட்னா நொய் விழாது, அவ கைராசி அப்படி"ன்னு ஊருல ஒரு பேச்சு. உண்மைய சொல்லிடறேன், என் கையில ஒண்ணும் இல்ல. ஒரே சீரா கொட்டினா அரிசி உடையாது, அவ்ளோதான். ஆனா நான் யார்கிட்டயும் அத சொன்னதில்ல. கார்த்திகையில புதுச் சாமை வந்தா, மொதல்ல சாமிக்குப் பொங்கலு வெச்சிட்டுத்தான் வூட்ல ஒல ஏத்துவோம். அந்தப் பொங்கலுக்கு வர்ற சாமைய நான்தான் கொட்டணும்னு பொம்பளைங்க காத்திருப்பாங்க. நான் மூக்குத்தி மின்ன நின்னு கொட்டுவேன். அந்தப் பெருமைய எதுக்கு கெடுத்துக்கணும்?

மாசி மாசத்துல ஆபரேஷனுக்குப் போறதுக்கு முந்தின நாளு, மில்லுல நின்னுக்கினு இருந்த பொம்பளைங்ககிட்ட விஷயத்த சொன்னேன். எல்லாரும் அழுதாங்க. எங்க தெரு ராணி மட்டும் அழுவாம, எந்தப் பக்கம்னு கேட்டா. வலதுன்னேன். என் வலது கையத் தொட்டுப் பாத்தா. அப்புறம் நெஜமான கவலையோட சொன்னா: "அய்யய்யோ, ராசியான பக்கமாச்சேக்கா. எடது பக்கம் வந்திருக்கக்கூடாதா?"

பதினாறாம் நாளு

ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே எங்க அத்தை, அதாவது என் மாமியாரு, எனக்குப் பத்தியம் போட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச பத்தியம் ஒண்ணே ஒண்ணுதான், பிள்ள பெத்தவளுக்குப் போடறது. மாருல வலி, பாயில படுத்திருக்கா, அப்போ இது அதேதான்னு முடிவு பண்ணிட்டாங்க. பூண்டு, சுக்கு, மொளகு கொழம்பு, கொழைஞ்ச சோறு. முட்ட கூடாது, கத்திரிக்கா கூடாது, பச்சத் தண்ணி கூடாது, கொய்யாப்பழத்த கண்ணுல காட்டக்கூடாது. என் சின்ன மவனுக்கு பத்தொம்போது வயசு. அவன பெத்தப்ப முழுங்கின அதே லேகியத்த, அவனே உருண்ட புடிச்சி என் வாயில போடறான்.

ஆஸ்பத்திரியில சாப்பாட்டு விஷயம் சொல்ற மேடம் ஒரு தாளு குடுத்திருந்தாங்க. முட்ட, பருப்பு, வேர்க்கடல, கீர, பழம், தண்ணி நெறைய. தையலு ஆறணும்னா உடம்புல சத்து வேணும்னு சொன்னாங்க. அத்தை அந்தத் தாள மடிச்சி கூரையில சொருவிட்டாங்க. அடுத்த தடவ செக்கப்புக்கு, மேடத்தை ஒரு கை பாக்கணும்னு, அமிர்தி வழியா போற பஸ்சுல எலுமிச்சம்பழத்த மோந்துக்கினே என்கூட எறங்கி வந்தாங்க.

மேடத்துக்கு இருவத்தஞ்சி வயசுகூட இருக்காது. அத்தை பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையா கேட்டுக்கினு இருந்துட்டு, "பிள்ளை பெத்தவங்களுக்கு எப்பம்மா கோழி குடுப்பீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "பதினாறாம் நாளு தண்ணி ஊத்திட்டு நாட்டுக்கோழி அடிப்போம்"னாங்க அத்தை. மேடம் என் சீட்டைப் பாத்தாங்க. "இவங்களுக்கு இன்னியோட இருவத்திரெண்டு நாள் ஆகுது"ன்னாங்க. அத்தைக்கு மூஞ்சி மாறிப் போச்சி. எழுந்து பைய எடுத்துக்கினு என்னை முறைச்சாங்க: "பதினாறு தாண்டிச்சின்னு வாயத் தெறந்து சொல்லக்கூடாதா நீ? கோழி சும்மாதான மேஞ்சிக்கினு இருக்குது!"

பல்லு சொல்லும்

கீமோ ஊசி போட்டவங்களுக்கு நான் சொல்லியா தெரியணும். முடி போனது பெரிசில்ல, துணி கட்டிக்கலாம். வாய்தான். வாயெல்லாம் புண்ணு, எத வெச்சாலும் துருப்பிடிச்ச ஆணிய சப்புற மாதிரி இருக்கும். கோழி அடிச்சாங்க, அதுவும் ஆணி. படவேட்டுலேர்ந்து எங்க சின்னம்மா வெல்லம் குடுத்து அனுப்பினாங்க, அதுவும் ஆணி. எங்க பக்கம் ஒடம்பு சரியில்லாதவங்க வூட்டுக்கு யாரும் வெறுங்கையோட வர மாட்டாங்க. கொண்டாந்தது எல்லாம் அடுப்பங்கரையில குமிஞ்சிக்கினு இருக்கும், நான் அதப் பாத்துக்கினு படுத்திருப்பேன். சூடா சாமைச் சோறு, மேல கீரக் கடசலு, ஒரு வாய், ஒரே ஒரு வாய் ருசியா துன்ன முடியாதான்னு அப்படி ஏங்குவேன். எங்க வூட்டுக்கு அடுத்த கட்டடம்தான் மில்லு. காலையில மோட்டரு ஓட ஆரம்பிச்சா சத்தத்த வெச்சே பெல்ட்டு தளந்திருக்குது, தொட்டியில சாமை தீந்து போச்சின்னு எல்லாம் தெரியும். ஊசி போட்ட வாரத்துல எழுந்து போவத்தான் முடியாது. அந்தச் சத்தம் நின்னாலும் அழுவேன், ஓடினாலும் அழுவேன்.

ஒரு நாளு குப்பு மூச்சு வாங்க ஓடியாந்தா, கையில ஒரு பிடி அரிசி. உமி சரியா போயிருக்குதான்னு மில்லுல நாங்க பல்லுலதான் பாப்போம். நாலு மணிய வாயில போட்டு கடிச்சா, எவ்ளோ பட்ட, அதான் மேல்தோலு, போயிருக்குது, ஈரம் இருக்குதான்னு தெரிஞ்சிடும். அந்த வேலையும் என்னுதுதான். "அக்கா, ஜனம் நொய்யி நொய்யின்னு திட்டுது. நீ கொஞ்சம் பாரேன்"னா. நான் இல்லாம குப்பு கொட்டினா நொய் விழுதுன்னு கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். புண்ணு படாம ஓரப்பல்லுல நாலு மணி வெச்சி கடிச்சேன். ருசி ஒண்ணுமே தெரியல. ஆனா கடி தெரிஞ்சிச்சி. "சாமை காயல குப்பு. ஒரு வெயிலு காட்டி எடுத்தாரச் சொல்லு"ன்னேன்.

குப்புக்கு உசுரு வந்த மாதிரி ஆச்சி. திரும்பி ஓடினவ, வாசப்படியில நின்னு சொல்லிட்டுப் போனா: "ருசி போனா பின்னாடி வரும்க்கா. பல்லு இருக்குதில்ல, நீ இன்னும் வேலையிலதான் இருக்கிற!"

வளராத கொழந்த

மாருல ஆபரேஷன் பண்ணதுல அந்தப் பக்கத்துக் கையி மேல ஏறல. அத ஏத்தி விட, ஆஸ்பத்திரியில கைக்கு வேல குடுக்கற ஒரு பொண்ணு இருக்குது. குப்பு அதுக்கு வெச்ச பேரு எக்சர்சைஸ் பாப்பா. செவுத்துக்கு நேரா நில்லுங்க, விரல வெச்சி பல்லி ஏர்ற மாதிரி ஏறுங்க, எது வரைக்கும் எட்டுதோ அங்க ஒரு கோடு போடுங்க, நாளைக்கு அதுக்கு மேல ஏறுங்கன்னு சொல்லிக் குடுத்துச்சி. எங்க வூட்டு செவுரு மண்ணு. நாலு நாளு ஏறினதுலயே உதுந்து போச்சி. அத்தை கத்துனாங்க. அதனால சாயங்காலத்துல மெஷினு நின்னதுக்கு அப்புறம் மில்லு செவுத்துல ஏறுவேன். குப்பு ஒரு கயிறு புடிச்சி அளந்து, தொட்டி வாய் ஒசரத்துக்கே செவுத்துல செம்மண்ணால ஒரு கோடு இழுத்துட்டா. அதான் நான் போய்ச் சேர வேண்டிய எடம். என் விரலு நின்ன எடம் தோளுகிட்ட.

பங்குனியில தொடங்கினது. சித்திர போச்சி, வைகாசி போச்சி. கரிக்கட்டையில மாசம் எழுதிப் போட்ட கோடெல்லாம் ஒரு சாணுக்குள்ளயே ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கியடிச்சிக்கினு நின்னுச்சி. செம்மண்ணு கோடு மேல அப்படியே இருக்குது. அத அண்ணாந்து பாத்தாலே எனக்கு ஆத்திரமா வரும். கார்த்திகைக்குள்ள எட்டணும், புதுச் சாமை வர்ற அன்னிக்கு என் கையால கொட்டணும். வேற ஒண்ணும் நான் சாமிய கேக்கல.

ஒரு நாளு ராணி தன் மூணு வயசுப் பொண்ண இடுப்புல வெச்சிக்கினு மில்லுக்கு வந்தா. கோடுங்கள எல்லாம் பாத்தா. அங்கன்வாடியில கொழந்தைங்க ஒசரத்துக்குப் போடற கோடுன்னு நெனச்சிக்கினு, தன் பொண்ண செவுத்துல சாய்ச்சி நிக்க வெச்சி, அளவு பாத்தா. அப்புறம் என் கோடுங்கள மேலயும் கீழயும் விரல்ல தடவிப் பாத்துட்டு, மெதுவா என் காதுகிட்ட வந்தா: "இது யாரு வூட்டுக் கொழந்தைக்கா? மூணு மாசமா வளரவே இல்லியே, டாக்டருகிட்ட காட்டினாங்களா?"

சும்மா நடக்கிறவ

தெனமும் அரை மணி நேரம் நடங்கன்னும் பாப்பா சொல்லிச்சி. மலையில இருக்கிறவங்ககிட்ட நடன்னு சொன்னா சிரிப்பாங்க. நாங்க நடக்காத நாளு ஏது? ஆனா விறகுக்கு நடப்போம், கொல்லைக்கு நடப்போம், பஸ்சுக்கு நடப்போம். தலையில சொம இல்லாம, போற எடம் இல்லாம ஒரு பொம்பள நடந்தா, வூட்ல சண்டன்னு அர்த்தம். மொத நாளே நாலு பேரு "எங்க போற?"ன்னு கேட்டாங்க. "சும்மா"ன்னேன். அவ்ளோதான், நான் கோவிச்சிக்கினு போறேன்னு எங்க வூட்டுக்காரருக்கு சேதி போயிடுச்சி. அவரு போட்ட சோத்த அப்படியே வெச்சிட்டு ஓடியாந்தாரு, பாவம்.

மறுநாளு பால் வண்டிக்காரரு வண்டிய நிறுத்தி, "ஏறுக்கா, உட்டுட்டுப் போறேன்"னாரு. வெளக்கம் சொல்றத விட ஏறிக்கிறது சுலபமா இருந்துச்சி. ரேஷன் கடைகிட்ட எறக்கி உட்டாரு. கட பூட்டியிருந்துச்சி. திரும்பி வூடு வரைக்கும் நடந்தேன், அன்னைய நட அதோட சரியா போச்சி. அதுலேர்ந்து ஒரு காலிப் பைய கையில எடுத்துக்கினேன். பை இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா பால் வண்டிக்காரரு விடல. பத்து நாளு பாத்துட்டு, பையில இன்னான்னு எட்டிப் பாத்துட்டாரு. வேற வழியில்லாம, டாக்டரு நடக்கச் சொன்னாங்க, அதான் நடக்கறேன்னேன். மனுஷன் வண்டிய ஆஃப் பண்ணிட்டாரு: "வேல ஒண்ணும் இல்லாம நடந்துக்கினே இருன்னு சீட்டு எழுதிக் குடுக்கிறாங்களா? எனக்கும் ஒண்ணு வாங்கியாக்கா, எம் பொண்டாட்டிகிட்ட காட்டறேன்."

அரை லிட்டரு

ஆவணியில கரண்ட்டு வெச்சி முடிச்சாங்க. அதுக்கப்புறம் நெஞ்சுத் தோலு பெல்ட்டு மாதிரி இறுகிப் போச்சி. ஏறின கையி மறுபடியும் எறங்கிடுச்சி. ஆடி மாசத்துக் கோட்டுக்குக் கீழ, சித்திர மாசத்துக் கோட்டுகிட்ட போய் நின்னுச்சி. ஆறு மாசம் பல்லியா ஏறினது எல்லாம் வீண். அன்னிக்கு செவுத்துலயே தலைய முட்டிக்கினு அழுதேன்.

புரட்டாசியில மில்லுக்குப் போக ஆரம்பிச்சேன், உக்காந்து சல்லடை மட்டும் பாத்துக்கன்னு குப்பு சொன்னா. ஒரு நாளு மோட்டர போட்டுட்டு வெளிய போனவ, திரும்பி வர லேட்டாச்சி. மோட்டரு ஓடிக்கினு இருக்குது, தொட்டி காலி, கூடையில சாமை ரொம்பி நிக்குது. பக்கத்துல யாரும் இல்ல. எனக்கு கையி அரிச்சிச்சி. தூக்கிட்டேன். நெஞ்சு வரைக்கும் வந்துச்சி. அதுக்கு மேல வரல. அத்தனையும் தரையில. அள்ளி முடிச்சி ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துக்கினேன். மறுநாளு காலையில, ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையி பாரம் தாங்காம சுரக்கா மாதிரி வீங்கிப் போச்சி.

கூடைய தூக்கினத நான் ஒத்துக்கினதும், தான் லேட்டா வந்ததாலதான் இப்படி ஆச்சின்னு குப்பு அழுதுக்கினே என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தா. பாப்பா திட்டல. அளந்துச்சி, கட்டு போட்டுச்சி, இறுக்கமா ஒரு கை உறை மாட்டி விட்டுச்சி. "நான் மறுபடியும் தொட்டியில கொட்டுவனா மாட்டனா, அத மட்டும் சொல்லு பாப்பா"ன்னு கேட்டேன். "மூட்டைய இப்ப கேக்காதீங்கக்கா. வீக்கம் வடிஞ்ச அப்புறம் அரை லிட்டர் தண்ணி பாட்டில், பத்து தடவை தூக்குங்க. வலிச்சா நிறுத்திடுங்க. அதத் தூக்கிக் காட்டுங்க, மீதிய அப்புறம் பேசலாம்"னுச்சி. திரும்பி வர்றப்ப அமிர்தியில பஸ்சு நின்னப்ப குப்பு ஒரு அரை லிட்டரு பாட்டிலு வாங்கினா. மடியில வெச்சி அதையே பாத்துக்கினு இருந்தா. அப்புறம் பொறுக்க மாட்டாம கேட்டா: "மரக்காலு மரக்காலா சாமை கொட்டின கைக்கு, இம்மாத்தூண்டாக்கா?"

சாமிக்கு வந்த சொம்பு

கார்த்திகை வந்துச்சி. வீக்கம் வடிஞ்சிடுச்சி. வாய் ருசி வந்துடுச்சி, அத்தை தெனமும் ரெண்டு முட்டய அவிச்சி நான் முழுங்கற வரைக்கும் எதிர்லயே நிக்கிறாங்க. பாட்டில பத்து தடவ தூக்கறேன். ஆனா செம்மண்ணு கோட்டுக்கு இன்னும் ரெண்டு விரலு பாக்கி. எக்கிப் பாத்தேன், சாய்ஞ்சி பாத்தேன், அந்த ரெண்டு விரலு மட்டும் குடுக்க மாட்டேங்குது. புதுச் சாமை வர்ற அன்னிக்கு மில்லுப் பக்கமே போவக்கூடாதுன்னு இழுத்துப் போத்திக்கினு படுத்துட்டேன். இன்னொருத்தி கொட்டறத என்னால பாக்க முடியாது. அத்தைதான், "கூட்டம் சந்து வரைக்கும் நிக்குது, சல்லடைய யாரு பாக்கிறது? எழுந்து போ"ன்னு வெரட்டினாங்க.

போய்ப் பாத்தா, எல்லாரும் மூட்டையோட நிக்கிறாங்க. ஒவ்வொருத்தி கையிலயும் தனியா ஒரு சொம்பு. மொத ஆளா ராணி. "மூட்டைய குப்பு கொட்டட்டும். சாமிக்கு வெக்கிறது இது. இத நீ கொட்டுக்கா"ன்னு சொம்ப நீட்டினா. வாங்கிப் பாத்தேன். சரியா அரை லிட்டரு சொம்பு. பின்னாடி இருக்கிறவங்க கையிலயும் அதே அளவு. என் கைக் கதைய ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியான்னு குப்புவ முறைச்சேன். அவ மோட்டர தொடைக்கிற மாதிரி குனிஞ்சிக்கினா.

சொம்ப அடியில புடிச்சி தூக்கினேன். தோளு தாண்டிச்சி, காது தாண்டிச்சி. வலது அக்குளு நரம்பு கயிறு மாதிரி இழுத்துச்சி. எடது கைய அடியில குடுத்துக்கினேன், குதிகால எக்கினேன். என் விரலு எட்டாத அந்த ரெண்டு விரலு எடத்த சொம்போட கழுத்து எட்டிடுச்சி. கவுத்தேன். தகரத்துல சாமை விழுந்த சத்தம் இருக்குதே, அதுக்குத்தாங்க நான் ஒம்போது மாசமா ஏங்கிக் கெடந்தேன். அழுதுட்டேன். கேட்டவங்ககிட்ட தூசின்னு சொன்னேன், யாரும் நம்பல. ரெண்டாவது சொம்பு, மூணாவது சொம்பு, பொங்கலு ஒரே பானையில வெக்கிறதால எல்லாரு சாமையும் ஒண்ணா கலந்தா தப்பில்ல. பத்தாவது சொம்பு முடிஞ்சதும் கைய தொங்கப் போட்டுக்கினு, "பாப்பா பத்துதான் சொல்லியிருக்குது"ன்னு செவுத்துல சாய்ஞ்சேன். கூட்டத்த எண்ணிக்கினு நின்ன ராணி திரும்பிப் பாத்து சொன்னா: "அவசரம் இல்லக்கா, உக்காந்து வலி போன அப்புறம் எழுந்திரு. இன்னும் பதினேழு பேரு இருக்கிறாங்க, நாளைக்குன்னாலும் நிக்கிறோம்."

இத்தினி வருஷம் மில்லுல வேல செஞ்சி நான் கத்துக்கினது இவ்ளோதாங்க: மூட்டைய ஒரே நாளுல தூக்கிப் பழகிடலாம், அரை லிட்டரு சொம்பு தூக்கத்தான் எட்டு மாசம் ஆவுது.